மோன்சொரோ: ஆற்றிலிருந்து பார்க்க வேண்டிய கோட்டை

பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கு என்றாலே சுற்றுலாப் பேருந்துகள் ஷாம்போர், ஷெனோன்சோ கோட்டைகள் பக்கம்தான் திரும்பும். அந்த வரிசைகளில் நிற்கப் பொறுமையில்லாதவர்கள் மேற்கே, சொமூர் நகரத்துக்குச் சற்று முன்பே இருக்கும் மோன்சொரோவுக்குப் போகலாம். சில நூறு பேர் வசிக்கும் சிற்றூர் இது, 'பிரான்சின் மிக அழகிய கிராமங்கள்' பட்டியலில் உள்ளது. வியென் ஆறு வந்து லுவாரோடு கலக்கிறதே, அதற்குச் சற்றுக் கீழே தென்கரையில் கோட்டை நிற்கிறது.

1450களில் இதைக் கட்டியவர் ழான் த ஷாம்ப். ஏழாம் சார்லஸ் மன்னரின் ஆலோசகர். அப்போது சுவரின் அடிவரை லுவார் தண்ணீர் வந்து மோதும். இன்று சுவருக்கும் ஆற்றுக்கும் நடுவே ஓடும் டி947 சாலை 19ஆம் நூற்றாண்டில் மண்கொட்டி எழுப்பியது. அந்தச் சாலையோரம் நின்று அண்ணாந்து பார்த்தால் வெறும் வெள்ளைச் சுவர்தான் தெரியும், கழுத்து வலிதான் மிச்சம். கோட்டையின் முகம் ஆற்றைப் பார்த்தது, எனவே பார்க்கிறவரும் ஆற்றுப் பக்கம் போக வேண்டும். இதற்கு இரண்டு வழி. ஊருக்கு அருகிலுள்ள பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போகலாம். அல்லது கோடைக்காலத்தில் இங்கிருந்தோ பக்கத்து ஊரான கான்டிலிருந்தோ கிளம்பும் தட்டையடி மரப்படகில் ஏறலாம். கோபுரங்களும் அம்புத் துளைகளும் கொண்ட போர்க்கால அமைப்பின் நடுவே, வெளிச்சத்துக்காகத் திறந்த பெரிய பெரிய சன்னல்கள் இருப்பது தூரத்திலிருந்துதான் ஒரே பார்வையில் பிடிபடும். காவலுக்குக் கட்டுவதா, குடியிருக்கக் கட்டுவதா என்று காலம் மாறிக்கொண்டிருந்ததை அந்தச் சுவரிலேயே படிக்கலாம்.

படம் எடுப்பவர்கள் காலையிலேயே அக்கரைக்குப் போய்விடுங்கள். முகப்பு வடகிழக்கைப் பார்த்திருப்பதால் காலை வெயில் மட்டுமே அதன்மேல் விழும். பிற்பகலில் சூரியன் கோட்டைக்குப் பின்னால் போய்விட, படத்தில் கறுப்பு நிழலுருவம்தான் மிஞ்சும். ஆகஸ்ட், செப்டம்பரில் தண்ணீர் வற்றி மணல்திட்டுகள் வெளியே தெரியும். திட்டுகளைப் பார்த்ததும் இறங்கி நடக்க ஆசை வரும், ஆனால் வேண்டாம். அடியில் மணல் அரித்துப் போன குழிகள் இருக்கும், நீரோட்டம் மேலே தெரிவதைவிட வேகமானது, குளிக்கவும் தடை. வசந்தத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை ஆலா என்னும் நீர்ப்பறவைகள் அந்தத் திட்டுகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். அந்த மாதங்களில் அங்கே கால் வைப்பதே குற்றம்.

பாரிஸிலிருந்து வருவது எளிது. மோன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறி, ஆன்ழேயிலோ சான்-பியெர்-தெ-கோரிலோ மாறி சொமூரில் இறங்கலாம். சொமூர் நிலையம் ஆற்றின் வடகரையில் இருக்கிறது, நகரமோ தென்கரையில். நடுவில் ஒரு தீவும் உண்டு, பெட்டியோடு நடப்பதற்குத் தோதான தூரமில்லை. சொமூரிலிருந்து மோன்சொரோ பத்துப் பதினோரு கிலோமீட்டர். ஃபோந்தெவ்ரோ போகும் பேருந்து இவ்வழியே போகும். ஆனால் வண்டிகள் குறைவு, ஞாயிறன்று இன்னும் குறைவு. திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு பிறகு மற்றதைத் திட்டமிடுங்கள்.

சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு அதுவே சிறந்த வழி. 'லுவார் அ வேலோ' என்ற அடையாளப் பலகைகளைத் தொடர்ந்தால் போதும். ஆற்றோரச் சமதரைப் பாதை என்று நினைத்துப் போகாதீர்கள். அது திராட்சைத் தோட்டங்களுக்கு மேடேறும், சூசே கிராமத்தில் பாறையைக் குடைந்த பழைய தெருவுக்குள்ளேயே நுழைந்து வெளியே வரும். அங்கே பகலிலும் இருட்டு. முன்விளக்கு இல்லாத வாடகைச் சைக்கிளை வாங்காதீர்கள்.

காரில் வருபவர்கள் ஆற்றங்கரைத் துறையில் நிறுத்துவது வழக்கம். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு அங்கேதான் பழம்பொருள் சந்தை கூடும். பீங்கான் தட்டு, பித்தளைக் குமிழ், பழைய துணி என்று நன்றாக இருக்கும், ஆனால் நிறுத்த இடம் கிடைக்காது. இன்னொரு தொல்லை, வழிகாட்டிச் செயலி சில சமயம் கோட்டைக்குப் பின்னாலுள்ள சந்துகளில் ஏறச் சொல்லும். இரண்டு பக்கக் கண்ணாடியும் உரசும் அகலம்தான் அவை. காரைக் கீழேயே விட்டு நடந்து ஏறுங்கள்.

அந்தச் சந்துகளில் பார்க்க வேண்டியது கல். கோட்டை, வீடு, மதில், படிக்கட்டு எல்லாமே தூஃபோ எனப்படும் வெண்சுண்ணக்கல். வெட்டும்போது மரம் அறுப்பதுபோல ரம்பத்தால் அறுக்கலாம், அவ்வளவு மென்மை. நகத்தால் கீறினால் மாவு வரும், கறுப்புச் சட்டையோடு சாய்ந்தால் முதுகு வெளுத்துவிடும். இந்தக் கல் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். பழைய சுண்ணாம்புச் சாந்து அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். யாரோ அவசரத்துக்குச் சிமெண்ட் பூசிய இடத்தில் ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ள, உறைபனியில் கல்லின் முகம் ஏடு ஏடாகப் பெயர்ந்து விழுகிறது. அப்படிப் பெயர்ந்த சுவரை மேட்டுத் தெருக்களில் ஒன்றிரண்டாவது காணலாம். ஈரமானால் படிகள் வழுக்கும், தேய்ந்த செருப்பு உதவாது.

கோட்டைக்குள் 2016இல் சமகாலக் கலை அருங்காட்சியகம் திறந்தார்கள். பிலிப் மெய்யாய் சேர்த்த 'ஆர்ட் அண்ட் லாங்குவேஜ்' குழுவின் படைப்புகள் அதில் இடம்பெற்றன. எழுத்தும் கருத்துமாக இருக்கும் கலை அது. ராணியின் கட்டிலும் திரைச்சீலையும் எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். திறக்கும் நாட்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே போனால் தவறவிடக் கூடாதது 16ஆம் நூற்றாண்டில் முற்றத்தில் சேர்த்த மறுமலர்ச்சிக் காலப் படிக்கட்டுக் கோபுரம். அதில் குரங்குகள் கட்டடக் கல்லைத் தூக்கும் சிற்பமும், 'நான் செய்வேன்' என்ற குடும்ப வாசகமும் இருக்கின்றன.

பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் துமாவின் 1846 நாவலால்தான் ஊர்ப்பெயர் உலகுக்குத் தெரிந்தது. கோட்டைச் சீமாட்டியின் காதலன் புஸ்ஸி தாம்புவாஸ் 1579இல் கொல்லப்பட்டது உண்மை. ஆனால் நடந்தது இங்கே அல்ல, ஆற்றுக்கு அப்பால் குத்தான்சியேர் என்ற இன்னொரு வீட்டில். நாவல் அவளை தியான் என்கிறது. நிஜப் பெயர் ஃபிரான்சுவாஸ் த மாரிதோர். அவள் அதற்குப் பிறகும் கணவனோடு வாழ்ந்து பிள்ளைகள் பெற்றாள்.

கான்ட்-சான்-மார்த்தான் நடந்துபோகும் தூரம். 397இல் தூய மார்த்தான் இறந்த ஊர். அங்கிருக்கும் தேவாலயத்தின் பின்னால் மேடேறினால் இரண்டு ஆறுகளும் கலப்பது முழுதாகத் தெரியும். ஃபோந்தெவ்ரோ மடம் சுமார் ஐந்து கிலோமீட்டர். சிங்கநெஞ்சன் ரிச்சர்டின் கல்லறைச் சிலை அங்கே இருக்கிறது. 1963 வரை அது சிறைச்சாலை என்பதும் தெரிந்தே பாருங்கள். அதற்கு அரை நாள் தனியாக வேண்டும்.

சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள். ஒன்றே முக்காலுக்குப் போனால் முகம் சுளிப்பார்கள், இரண்டுக்கு மேல் அடுப்பே அணைந்திருக்கும். குகை உணவகங்களில் ஃபுவே கிடைக்கும். விறகடுப்பில் உப்பிவரும் சின்ன ரொட்டி. அதைக் கிழித்து வெள்ளை மொச்சையோ ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியோ வைத்துத் தருவார்கள். சைவர்கள் 'சான் வியாந்த்', அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ரியெத் என்ற பன்றி இறைச்சி மசியலும் கூடவே வரும். உள்ளங்கை அகலக் காளானில் பூண்டு வெண்ணெய் அடைத்துச் சுடும் கலிபெத்தும் இப்பகுதிப் பண்டம். குகைக்குள் எந்தக் காலத்திலும் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிதான், ஜூலையிலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். மேட்டில் விளையும் சொமூர்-ஷாம்பினி சிவப்பு ஒயினை ருசிக்கக் கூப்பிடுவார்கள். ஓட்டுநருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு, எனவே கார் சாவியை யார் வைத்திருப்பது என்பதைக் குகைக்குள் போகும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.