ஐமேப்சிங்க்: எம்எக்ஸ் மாற்றத்துக்கு முன்னும் பின்னும்

மெயில் சர்வர் மாற்றுவதை ஒரே ராத்திரி வேலையாகத் திட்டமிடுபவர்கள் அதிகம். ஒரு மெயில் சர்வரிலுள்ள கடிதங்களை ஐமேப் நெறிமுறை வழியே இன்னொன்றுக்கு நகலெடுக்கும் ஐமேப்சிங்க் என்ற கட்டளைவரிக் கருவி கையில் இருந்தால் அந்த அவசரம் தேவையே இல்லை. ஒரே கட்டளையை எத்தனை முறை ஓட்டினாலும், ஏற்கெனவே போய்ச் சேர்ந்த கடிதத்தை அது மறுபடி அனுப்பாது. மெசேஜ்-ஐடி, ரிசீவ்டு ஆகிய தலைப்பு வரிகளை வைத்து, இந்தக் கடிதம் அந்தப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும். ஆகவே வேலையை மூன்று ஓட்டமாகப் பிரியுங்கள்: எம்எக்ஸை (உங்கள் டொமைனுக்கு வரும் கடிதம் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) மாற்றுவதற்குச் சில நாள் முன்பு ஒன்று, மாற்றும் அன்று ஒன்று, மாற்றியபின் ஒன்று.

ஓர் அலுவலகத்தின் 20 மெயில்பாக்ஸை சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பலகை) உள்ள ஷேர்டு ஹோஸ்டிங்கிலிருந்து, டவ்காட் என்ற ஐமேப் மென்பொருள் ஓடும் சொந்த சர்வருக்குக் கொண்டுபோவதாக வைத்துக்கொள்வோம். பழைய பக்கம் எப்போதும் 1, புதிய பக்கம் எப்போதும் 2. --ஹோஸ்ட்1, --யூசர்1, --பாஸ்ஃபைல்1 என்று கொடுத்துவிட்டு, அதே மூன்றையும் 2 போட்டு இன்னொரு முறை. போர்ட் 993. கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் எழுதாமல் கோப்பில் வைத்து, அனுமதியை 600 (உரிமையாளர் மட்டுமே படிக்க, எழுத முடியும்) ஆக்குங்கள். ஷெல் ஹிஸ்டரியில் 20 பேருடைய கடவுச்சொல் கிடப்பது நல்லதல்ல.

முதலில் --ஜஸ்ட்லாகின் மட்டும் போட்டு 20 கணக்கையும் சோதியுங்கள். வெளியேறும் எண் 161 என்றால் பழைய பக்கம் லாகின் தவறு, 162 என்றால் புதிய பக்கம். கணக்குப் பட்டியலை எக்செலில் தயாரித்து, சிஎஸ்வி-யாகச் சேமித்து, பாஷ் லூப்பில் படிக்கிறவர்களுக்கு எல்லாக் கணக்கிலும் 162 மட்டும் வரும். காரணம், விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் சேர்க்கும் சிஆர் (கேரேஜ் ரிட்டர்ன்) என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து. அது கடைசிப் புலமான இரண்டாவது கடவுச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. திரையில் தெரியாது. வரிமுடிவுகளை யுனிக்ஸ் முறைக்கு மாற்றும் டாஸ்2யுனிக்ஸ் கட்டளையைக் கோப்பின் மீது ஓட்டினால் போய்விடும்.

அடுத்து --ட்ரை. எதையும் நகர்த்தாமல், எந்தக் கோப்புறை எதுவாக மாறும் என்று காட்டும். ஐமேப்பில் கோப்புறைப் பெயர்கள் திருத்திய யுடிஎஃப்-7 குறியீட்டில் போவதால், தமிழில் பெயர் வைத்த கோப்புறை பதிவுக் கோப்பில் 'அண்ட்' (&) குறியில் தொடங்கி, புரியாத ஆங்கில எழுத்துகளாக நீண்டு, ஒரு சிறுகோட்டில் முடியும். பயப்பட வேண்டாம், மறுபக்கம் தமிழிலேயே தெரியும். அந்த ஒரு கோப்புறையை மட்டும் --ஃபோல்டர் மூலம் நகர்த்துவதானால், பதிவில் உள்ள குறியீட்டுப் பெயரை அப்படியே ஒட்டுவதுதான் பத்திரம். அனுப்பியவை கோப்புறை ஒரு சர்வரில் ஒரு பெயரிலும் மற்றதில் வேறு பெயரிலும் இருந்தால் --ஆட்டோமேப் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பெரிய ஓட்டத்தை டிமக்ஸுக்குள் (டெர்மினல் அமர்வை சர்வரிலேயே உயிரோடு வைத்திருக்கும் கருவி) ஓட்டுங்கள், எஸ்எஸ்எச் இணைப்பு அறுந்தாலும் நிற்காது. விநாடிக்கு 1 எம்பி வேகம் என்றால் 10 ஜிபி போய்ச் சேர 3 மணி நேரம் போல ஆகும். போய்ச் சேரும் இடம் ஜிமெயில் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. ஐமேப் வழியே ஏற்றுவதற்கு நாளொன்றுக்கு 500 எம்பிதான் என்று கூகுள் வரம்பு வைத்திருக்கிறது. அதே 10 ஜிபி அங்கே 20 நாள்.

அனுப்பியவையிலும் டிராஃப்டிலும் மெசேஜ்-ஐடியே இல்லாத கடிதங்கள் சில இருக்கும். அடையாளம் காண முடியாததால் அவற்றை ஐமேப்சிங்க் விட்டுவிடும். --ஆட்ஹெடர் போட்டால் அவையும் போகும்.

எம்எக்ஸ் மாற்றுவதற்கு முந்தைய நாளே அதன் டிடிஎல்லை (பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். மாற்றும் அன்று இரண்டாவது ஓட்டம். முதல் ஓட்டத்துக்குப் பிறகு பழைய சர்வரில் அழித்தவையும் வேறு கோப்புறைக்கு மாற்றியவையும் புதிய பக்கத்தில் பழைய இடத்திலேயே நிற்கும். அதைச் சரிசெய்ய --டெலீட்2 இருக்கிறது: 1-இல் இல்லாததை 2-இல் அழித்துவிடும். இதை எம்எக்ஸ் மாற்றுவதற்கு முன்பு மட்டுமே பயன்படுத்துங்கள். மாற்றியபின் வரும் புதுக் கடிதங்கள் நேரே புதிய சர்வரில்தான் விழுகின்றன, பழையதில் அவற்றின் சுவடே இல்லை. அந்த நேரத்தில் --டெலீட்2 ஓடினால் அத்தனையும் காலி. மேலம்பை அழுத்திப் பழைய கட்டளையை எடுத்து அப்படியே என்டர் தட்டும்போதுதான் இது நடக்கிறது. மூன்றாவது ஓட்டத்துக்குத் தனி ஸ்கிரிப்ட் எழுதுங்கள், அதில் இந்தச் சொல்லே இருக்கக் கூடாது.

அந்த ஸ்கிரிப்டில் --நோரீசிங்க்ஃபிளாக்ஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், புதிய சர்வரில் ஒருவர் படித்துமுடித்த கடிதங்களின் மீது பழைய சர்வரின் 'படிக்காதது' என்ற நிலை மீண்டும் ஏறி உட்காரும்.

இன்னொன்று, சிபேனலில் பலர் மறப்பது. இணையதளம் பழைய ஹோஸ்டிங்கிலேயே தொடர்ந்தால், ஈமெயில் ரூட்டிங்கை 'ரிமோட்' என்று மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் தொடர்புப் படிவத்தில் வரும் விசாரணைகளை அந்த சர்வர் எம்எக்ஸைப் பார்க்காமல் தன்னிடமுள்ள பழைய மெயில்பாக்ஸிலேயே போட்டுக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வரும் கடிதமெல்லாம் சரியாக வருவதால் வாரக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

தொடர்பு முகவரிகள், காலண்டர், ஃபில்டர் விதிகள் எதுவும் ஐமேப்சிங்க் வழியே வராது, தனியாக எடுக்க வேண்டும். கடிதங்களைத் தன் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பிஓபி3 முறையில் 'சர்வரில் நகல் வைத்திரு' என்று வைத்திருப்பவர்களுக்கு மொத்த இன்பாக்ஸும் மறுபடி இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பழைய கணக்குகளை இரண்டு வாரமாவது மூடாதீர்கள், மூடும் நாளன்று காலை மூன்றாவது ஸ்கிரிப்டை இன்னொரு முறை ஓட்டிவிடுங்கள்.