பேத்தி வருவதற்குள்

டிசம்பர் 3
அடுப்புப் புகை குழாயில் ஏற மாட்டேன் என்கிறது. விறகு வைக்கிற வாய் வழியாகவே திரும்பி வருகிறது. ஆசாரக் கூடம் வரைக்கும் கண் எரிச்சல். தொட்டில் கட்டப் போவது அங்கேதான்.

டிசம்பர் 4
ஆஸ்பத்திரியிலிருந்து போன். பேத்தி எடை 1 கிலோ 640 கிராம்.

டிசம்பர் 6
ஐப்பசி மழையில் நனைந்த வேலங்கட்டையைத்தான் இத்தனை நாளும் எரித்திருக்கிறோம். ஈர விறகு புகைந்தால் குழாயின் மேல்பக்கம், புகை குளிர்கிற இடத்தில், தாராகப் படியும். பொறி பட்டால் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். பக்கத்திலேயே ஓலைச் சாளை. ராத்திரி இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தேன். அம்மா கடைசி இரண்டு வருசமும் மூச்சிரைப்பில் உட்கார்ந்தபடியேதான் தூங்கினாள்.

டிசம்பர் 8
நேற்று மத்தியானத்தோடு அடுப்பை அவித்தாச்சு. காலையில் சாம்பலைத் தகரச் சட்டியில்தான் அள்ளினேன். அடியில் கங்கு கிடந்தால் சாக்கு பற்றிக்கொள்ளும். அடுப்பு வாய் இரண்டிலும் ஈரச் சாக்கு திணித்து, மாஸ்க் போட்டு ஏறினேன். பங்காளி பையன் ஏணியைப் பிடித்துக்கொண்டான். குழாயின் தொப்பியைக் கழற்றினால் அணில் கூடு! தேங்காய் நாரும் கிழிந்த துணியும் இரண்டு கை நிறைய. குஞ்சு இல்லை.

"கம்பி பிரஷ்ல தேச்சுருலாமுங்களா பெரீப்பா?" என்றான். வேண்டாம் என்றேன். பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய். காய்ந்தபடி சுரண்டினால் அந்தத் தூசி நெஞ்சுக்குள் தங்கிவிடும். தண்ணீர் தெளித்து, கயிற்றில் கல்லும் நார்ப்பந்தும் கட்டி மெதுவாக இறக்கி ஏற்றினேன். கீழ்க் கரி மெத்தென்று உதிர்ந்தது, ஒரு படி அளவுக்கு மேலேயே. மேல் முழத்தில் இருந்தது அசையவில்லை. வெல்லப்பாகு இறுகின மாதிரி கறுப்பாக மினுங்குகிறது. அந்தத் துண்டை அறுக்காமல் முழுசாகக் கழற்றி மாற்றச் சொல்லியிருக்கிறேன். அதுவரை வெந்நீர் கேஸில்தான்.

டிசம்பர் 9
1 கிலோ 770.

டிசம்பர் 11
"புள்ளைக்குத் தண்ணி வாத்தா சாம்பிராணி போடாம எப்படிங்க?" என்று வீட்டுக்காரி கேட்டாள். டாக்டரம்மா எந்தப் புகையும் ஆகாது என்றதைச் சொன்னேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு பின்பக்கம் பொடக்காளிக்குப் போனாள். நம் மகளையும் அப்படித்தானே வளர்த்தோம் என்று அவளுக்கு. ராத்திரி வரை பேசவில்லை.

டிசம்பர் 13
புதுத் துண்டு மாட்டியாச்சு. நன்றாகக் காய்ந்த கொட்டாங்குச்சி நாலு போட்டுப் பற்றவைத்தேன். அடுப்பு வாயில் ஊதுபத்தியை நீட்டினால் புகை சர்ரென்று உள்ளே இழுக்கிறது. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். சாம்பிராணிப் பேச்சை எடுக்கவில்லை.

டிசம்பர் 14
1 கிலோ 890. மகளே போன் செய்தாள். "அப்பா, நாளைக்குக் காலையில கார் கொண்டாந்துருங்க."