ராஜஸ்தான் வரலாறும் நாட்டார் கதைகளும்: எதை முதலில் படிப்பது?

கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு வரலாறு எடுத்திருப்பவர்களுக்கும், ராஜஸ்தானைச் சும்மா ஆர்வத்தில் படிக்கத் தொடங்குபவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஜேம்ஸ் டாட் எழுதிய 'அன்னல்ஸ் அண்ட் ஆன்டிக்விட்டீஸ் ஆஃப் ராஜஸ்தான்'தான். முதல் பாகம் 1829, இரண்டாவது 1832. படிக்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். டாட் கிழக்கிந்தியக் கம்பெனியின் அரசியல் ஏஜென்டாக இருந்தவர். சாரண், பாட் எனப்படும் அரசவைப் பாடகர் குலத்தவர்கள் பாடிவந்த வம்சக் கதைகளைத் திரட்டி, ஐரோப்பிய நிலப்பிரபுத்துவத்தின் சாயலை அவற்றில் பார்த்து எழுதினார். அடிப்படை தெரியாமல் உள்ளே போனால் கல்வெட்டில் இருப்பது எது, பாட்டில் வந்தது எது என்று பிரிக்கவே முடியாது.

எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு பழக்கம். எந்தச் சம்பவத்தைக் குறிப்பெடுத்தாலும் அது நடந்த ஆண்டையும், அதைச் சொல்லும் நூல் எழுதப்பட்ட ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுவேன். ராஜஸ்தானின் சித்தூர் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அலாவுதீன் கில்ஜி பிடித்தது 1303. கூடவே போன கவிஞர் அமீர் குஸ்ரோ அந்தப் படையெடுப்பைப் பற்றி எழுதியிருக்கிறார், அந்தப் போரோடு சேர்த்துக் கதையில் சொல்லப்படும் சித்தூர் ராணி பத்மினியின் பெயர் அதில் இல்லை. அவள் கதையைச் சொல்லும் கவிஞர் ஜாயசியின் 'பத்மாவத்' 1540, அதுவும் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் அவத் பகுதியில் எழுந்த காவியம். இவ்வளவையும் ஒரே வரியில் எழுதி வைத்தால் கட்டுரை விடைக்குப் பாதி வேலை முடிந்தது.

அடுத்து நைன்சி. மார்வார் (ஜோத்பூர்) அரசர் ஜஸ்வந்த் சிங்கின் திவானாக இருந்தவர், 17ஆம் நூற்றாண்டு. இவருடைய 'க்யாத்' குலங்களின் வரலாறு. அதைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். என்னைக் கேட்டால் 'விகத்'தான் பெரிய பொக்கிஷம், ஏனென்றால் அதில் பர்கானா (வருவாய் வட்டம்) வாரியாக ஊர்கள், வருவாய், பாசன விவரம் என்று பாலைவனத்தில் மக்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதே கிடைக்கிறது, போர்க்களத்தை விட்டு வெளியே வர வேறு நல்ல வழி இல்லை. இந்தி படிக்க வருமென்றால் கௌரிசங்கர் ஹீராசந்த் ஓஜாவை விடாதீர்கள். கல்வெட்டைக் கையில் வைத்துக்கொண்டு காலக்கணக்கைச் சரிபார்த்த மனிதர். இவர்களுக்கு அப்புறம் டாட்டை எடுங்கள், அப்போது அது வேறு புத்தகமாகத் தெரியும்.

நாட்டார் பகுதியைப் பலரும் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 1960இல் போருந்தா கிராமத்தில் கோமல் கோத்தாரியும் விஜய்தான் தேத்தாவும் ரூபாயன் சன்ஸ்தான் என்ற நாட்டார் வழக்காற்று நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தேத்தா ஊரார் வாயிலிருந்து கேட்ட கதைகளை ராஜஸ்தானி மொழியிலேயே எழுதினார், அவைதான் 'பாத்தாம் ரீ புல்வாரி' தொகுதிகள். ஆங்கில மொழிபெயர்ப்பில் ஒரு சில கதைகளாவது படித்துவிடுங்கள்.

ராஜஸ்தானின் நாட்டார் தெய்வமான பாபூஜியின் காவியத்துக்கு ஜான் டி. ஸ்மித்தின் நூல் இருக்கிறது, 1991இல் வந்தது. அதைப் படிக்கும்போது படம் வரைந்த துணியான 'பட்' ஒன்றின் புகைப்படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதை நடக்கும் வரிசையில் அதில் காட்சிகள் இருக்காது, எந்தச் சம்பவம் எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்தைப் பொறுத்து அமைந்திருக்கும், நடுவில் பெரிதாகப் பாபூஜியின் அரசவை. இரவில் போப்பா எனப்படும் பூசாரிப் பாடகர் ராவணஹத்தா என்ற வில் கருவியை வாசித்துப் பாட, அவர் மனைவி விளக்கை ஏந்தி, பாடும் காட்சிக்கு வெளிச்சம் காட்டுவார். துணி நைந்துபோனால் தூக்கி எறிவதில்லை, சடங்கு செய்து நீரில் விடுகிறார்கள்.

கருவிகளைப் பட்டியலாக உருப்போட வேண்டாம். பாபூஜிக்கு ராவணஹத்தா, இன்னொரு நாட்டார் தெய்வமான தேவ்நாராயணுக்கு ஜந்தர், இசைக் குலத்தவர்களில் மாங்கணியார்களுக்குக் கமாய்ச்சா, லங்காக்களுக்குச் சிந்தி சாரங்கி. ஒவ்வொன்றின் ஒலிப்பதிவையும் தேடி ஒருமுறை காது கொடுத்துக் கேட்டுவிடுங்கள், பொருத்துக கேள்வியில் குழம்பாது.