அரிஷ்டம் வேண்டாம் டாக்டர்

குடியை விட்டது எப்படி என்று பல தடவை சொல்லியாகிவிட்டது. சென்னை இந்திரா நகர் டிடிகே மருத்துவமனையில் சேர்ந்தேன், வெளியே வந்ததும் ஏஏ மீட்டிங்கைப் பிடித்துக்கொண்டேன். ஏஏ என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட ஒருவருக்கொருவர் கைகொடுக்கிற குடிநோயாளிகளின் கூட்டமைப்பு. விட்டபிறகு வயசாவதில் எவ்வளவு சந்தோஷம் இருக்கிறது என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

எங்கள் மீட்டிங்கில் நரைத்த தலைகள் நிறைய. முன்பெல்லாம் டீ நேரத்தில், டாஸ்மாக் கண்ணில் படாமல் வீட்டுக்குப் போக எந்தச் சந்து தோது என்றுதான் பேசுவோம். இப்போது கண்புரை ஆபரேஷன், பேத்திக்குக் காலேஜ் சீட். பாதிப் பேருக்குச் சர்க்கரை போடாத டீ. போன வாரம் ஒருவர் கண்கலங்கிப் பேசிக்கொண்டிருந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "சத்தமாச் சொல்லுப்பா, காது கேக்கல" என்றார். பேசியவரே சிரித்துவிட்டார். கூடம் முழுக்கச் சிரிப்பு.

வயசானபின் புதிதாகப் பழக வேண்டியது, மருந்து பாட்டிலைத் திருப்பிப் படிப்பது. முழங்கால் வலிக்கு ஆயுர்வேத டாக்டர் தசமூலாரிஷ்டம் எழுதப் போனார். அரிஷ்டமும் ஆசவமும் புளிக்கவைத்துச் செய்கிற மருந்துகள். 5 முதல் 10 சதவீதம் வரை ஆல்கஹால் அதிலேயே ஊறிவிடும். ஹோமியோபதி சொட்டு மருந்து, சில இருமல் சிரப், மவுத்வாஷ் எல்லாவற்றிலும் கவனம் வேண்டும்.

"அரிஷ்டம் வேண்டாம் டாக்டர், நான் குடிநோயாளி."

"விட்டு எவ்வளவு நாளாச்சு?"

"பல வருஷம்."

"அப்புறம் என்ன?"

"விட்டாலும் நோய் நோய்தான் சார்."

பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரி, கஷாயமா தரேன். கசக்கும்." காலையும் மாலையும் அதைத்தான் குடிக்கிறேன்.

மறதியும் வந்திருக்கிறது. முன்பு மறதி என்றால் முந்தின ராத்திரியே மொத்தமாகக் காணாமல் போயிருக்கும். இப்போது காணாமல் போவது மூக்குக் கண்ணாடிதான். பேத்தி தேடித் தந்துவிடுகிறாள். நடுராத்திரியில் நான் எழுந்து நாற்காலியில் இடித்துக்கொண்டால், ஒரு காலத்தில் என் மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பாள். இப்போது கண்ணைத் திறக்காமலே, "லைட்டைப் போட்டுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கிறாள். இந்த நிம்மதியை அவளுக்குக் கொடுக்க முடிந்ததே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் உட்கார்ந்து பேசியதில் பிறந்ததுதான் ஏஏ. இன்றைக்கும் அதே வேலைதான். புதிதாக வந்த பையன் ஒருவன், "வயசானா ஆசை போயிடுமா ஐயா?" என்று கேட்டான். "அதுக்காகக் காத்திருக்காதே தம்பி. இன்னைக்கு ஒரு நாள் குடிக்காம இரு, ராத்திரி போன் பண்ணு" என்றேன். பண்ணுகிறான். முதலில் என் முழங்காலைத்தான் விசாரிக்கிறான்.

அறுபதுக்கு மேல் விட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. வயசாக ஆக உடம்பில் நீர்ச்சத்து குறையும். அதே அளவு குடித்தாலும் போதை கூடுதலாக ஏறும், தடுக்கி விழுவதும் அதிகம். அதனால் இப்போது விட்டாலும் லாபம்தான். ஒரு மீட்டிங்குக்கு வந்து பாருங்கள். எங்கள் இடத்தில் முதுகு சாய்கிற நாற்காலிதான் போட்டிருக்கிறோம்.