மருமகனுக்கு ஒரு மான் துப்பாக்கி

பென்சில்வேனியாவில் இருக்கும் என் தங்கை மகனுக்கு மான் வேட்டைக்குத் துப்பாக்கி வேண்டுமாம். கூட வேலை செய்கிறவர்கள் நவம்பர் கடைசியில் காட்டுக்குக் கிளம்பும்போது இவனையும் கூப்பிட்டிருக்கிறார்கள். "மாமா, ராணுவத்தில் துப்பாக்கியோடுதானே குடும்பம் நடத்தினீர்கள்? விலை குறைவாக, எல்லாவற்றுக்கும் ஆகிற மாதிரி ஒன்று சொல்லுங்கள்" என்றான். காவேரிப்பட்டினத்தில் மாந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும் பழைய ஆர்மரருக்கு, அதாவது ராணுவத் துப்பாக்கி மெக்கானிக்குக்கு, இதைவிட இனிய வேலை ஏது? நான் துப்பாக்கியைச் சுட்டதைவிடக் கழற்றி மாட்டியதுதான் அதிகம்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே மானைச் சுடுவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அஞ்செட்டி, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி 2014 முதல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம். வீட்டுப் பரணில் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பவர்கள் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதே புத்திசாலித்தனம். பென்சில்வேனியாவின் கதை வேறு. நூற்றிருபது வருடங்களுக்கு முன் அங்கே மான் கிட்டத்தட்ட அற்றுப்போயிருந்தது. 1895-இல் வேட்டை ஆணையம் அமைத்து, பருவம், உரிமம், எத்தனை சுடலாம் என்றெல்லாம் கணக்கு வைத்து மீட்டெடுத்தார்கள். இன்றைக்குத் தோட்டத்தில் புகுந்து மேயும் அளவுக்குப் பெருகிவிட்டது.

அவன் அனுப்பிய பட்டியலில் .243, .270, .308, .30-06, 6.5 கிரீட்மூர் என்று ஐந்து காலிபர்கள், அதாவது தோட்டா அளவுகள். .30-06 பிறந்தது 1906-இல், கிரீட்மூர் வந்தது 2007-இல். இந்த நூறு வருடத்தில் மானின் தோல் ஒன்றும் தடித்துவிடவில்லை. அந்த ஊர்க் காடு அடர்த்தியானது. பெரும்பாலும் நூறு கஜத்துக்குள்தான் மான் கண்ணில் படும். அந்தத் தூரத்தில், முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுக்கூட்டில் குண்டு இறங்கினால் ஐந்தில் எதுவானாலும் மான் விழும். வயிற்றில் பட்டால் எதுவானாலும் ஓடிவிடும். ஆகவே என் கேள்வி எது வலியது என்பதல்ல, சுட்டதும் துப்பாக்கி பின்னால் இடிக்குமே, எதன் உதையை இவன் கண் மூடாமல் தோளில் தாங்குவான் என்பதுதான்.

உதைக்குப் பயப்படுகிறவனைக் கண்டுபிடிக்க ஃபயரிங் ரேஞ்சில் ஒரு வழி உண்டு. அவனுக்குத் தெரியாமல் மேகசினில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவைச் செருகிவிடுவோம். அது வரும்போது வெடிக்காது, 'டிக்' என்று ஒரு சத்தம்தான். ஆனால் குழல்முனை சட்டென்று கீழே குனியும், தோள் முன்னால் தள்ளும், கண்ணும் மூடியிருக்கும். ஆறடி ஆள்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் முதன்முதலில் துப்பாக்கி பிடிக்கிற கணினிக்காரன் .30-06 வாங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

என் ஓட்டு .308-க்கு. 1952-இல் கடைக்கு வந்தது. எங்கள் ராணுவத்து எஸ்.எல்.ஆர். துப்பாக்கி சுட்டதும் இதன் உடன்பிறப்பான 7.62 தோட்டாதான். உதை .30-06-ஐவிடக் கொஞ்சம் குறைவு. கரடி, எல்க் என்னும் பெரிய மான் என்று ஆசை வளர்ந்தாலும் போதும். எந்தச் சிறு ஊர்க் கடையிலும் தோட்டா கிடைக்கும். இதே தோட்டாக்கூட்டின் வாயைச் சுருக்கிச் செய்ததுதான் .243. மானுக்கு அது தாராளம், மெத்தென்று உதைக்கும், ஆனால் மானோடு சரி. அவன் மனைவியும் சுட விரும்புகிறாள் என்பதால் முதலில் .243 என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு .308-லேயே உதை குறைந்த தோட்டாக்கள் விற்கின்றன என்று நினைவு வந்தது. ஒரே துப்பாக்கி, இருவருக்கும் இரு வகைத் தோட்டா. ஒன்று மட்டும்: ராணுவப் பாணியில் ஈயத்தின் மேல் முழு உலோக உறை போட்ட குண்டு கூடாது. அது விரியாமல் துளைத்துக்கொண்டு போய்விடும், மான் காயத்தோடு ஓடும். அந்த மாநிலச் சட்டமும் விரியும் குண்டோ முழு ஈயக் குண்டோதான் வேண்டும் என்கிறது.

துப்பாக்கி போல்ட் வகைதான், ஒவ்வொரு முறை சுட்டதும் கைப்பிடியைத் தூக்கி இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவது. தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி அங்கே மானுக்கு அனுமதியில்லை. விலை குறைந்தவற்றில் ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ் இரண்டும் நல்லவை. ரூகரின் போல்ட் எழுபது பாகை தூக்கினாலே திறந்துவிடும், மேலே மாட்டியிருக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கியில், அதாவது ஸ்கோப்பில், விரல் இடிக்காது. ஆனால் சாவேஜில் குழலை ஒரு பூட்டு நட்டு பிடித்திருக்கிறது. ஸ்பானர் வைத்தவன் மனம் அதன் பக்கம்தான் சாயும். விசை இழுப்பை நாமே சரிசெய்துகொள்ள வழியுள்ள ஆக்சிஸ் 2-ஐ எடுக்கச் சொன்னேன். தோளில் சாய்த்துப் பிடிக்கும் கட்டை பிளாஸ்டிக், அது வளைந்து குழலைத் தொட்டால் குறி தப்பும். கடையிலேயே ஒரு டாலர் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே செருகி இழுத்துப் பார்க்க வேண்டும். எங்கேயாவது மாட்டினால், அல்லது முன்கட்டையை விரலால் அழுத்தியதும் நோட்டு நின்றுவிட்டால், வேறொன்றைக் கேட்க வேண்டும். துப்பாக்கியோடு சேர்த்துத் தரும் மலிவு ஸ்கோப் எனக்குப் பிடிக்கவில்லை. மிச்சம் பிடித்த பணத்தில் 3-9 பெருக்கமுள்ள நல்ல ஸ்கோப் ஒன்று, பயிற்சிக்குத் தோட்டா, ஆரஞ்சு நிறச் சட்டை, தொப்பி. ஆரஞ்சு அங்கே கட்டாயம்.

அவனுக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டதால் வாங்குவதில் சிக்கலில்லை. விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தடை. வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு.

கடைசியாக ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். புதுத் துப்பாக்கியில் தொழிற்சாலை தடவிய எண்ணெய் போல்ட்டுக்குள் இருக்கும். பனிக் குளிரில் அது கெட்டியாகி, தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியை மெதுவாக்கும். விசையை இழுத்தாலும் தோட்டா வெடிக்காமல் போகலாம். போல்ட்டைப் பிரித்து, உள்ளே துணி விட்டு, உலரத் துடைத்துவிட்டுத்தான் காட்டுக்குப் போக வேண்டும். "பிரித்துவிடலாம் மாமா, திரும்ப மாட்டுவதுதான்..." என்று இழுத்தான். துப்பாக்கி வந்ததும் வீடியோவில் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். நான் இங்கிருந்து சொல்லச் சொல்ல அவன் மாட்டட்டும்.