இரு வட்டங்களின் பொதுப் பரப்பு: எல்லையில் கோட்டைவிட்ட கதை

ஆரம் 2 கொண்ட இரண்டு வட்டங்கள். ஒன்றின் மையம் ஆதிப்புள்ளி, மற்றதன் மையம் (2, 0). இரண்டுக்கும் பொதுவான பரப்பைத் தொகையிட்டு (நுண்கணிதத்தின் integration முறையில்) காண வேண்டும். மாதிரித் தேர்வில் இதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான். சூத்திரம் மனப்பாடம். 4π/3 + 2√3 என்று எழுதி, கட்டம் போட்டு, அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். தவறு.

தொகையிட்டதில் பிழையில்லை, எல்லையில்தான் சறுக்கல். வட்டங்கள் வெட்டிக்கொள்வது (1, √3), (1, −√3) என்ற புள்ளிகளில். பொதுப் பகுதி எக்ஸ் அச்சில் 0 முதல் 2 வரை நீள்கிறது. அதில் 0 முதல் 1 வரை மேலே மூடியிருப்பது இரண்டாவது வட்டம்; 1 முதல் 2 வரைதான் முதல் வட்டம். நானோ முதல் வட்டத்தின் √(4 − எக்ஸ்²)ஐ எடுத்து 0 முதல் 1 வரை தொகையிட்டிருந்தேன். கைக்கு வந்தபடி ஒரு படம் போட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

சரியான வழி இது. சமச்சீரால் பொதுப் பகுதி நான்கு சமத் துண்டுகள். ஒரு துண்டுக்கு √(4 − எக்ஸ்²)ஐ 1 முதல் 2 வரை தொகையிட வேண்டும். தொகையீடு (எக்ஸ்/2)√(4 − எக்ஸ்²) + 2 நேர்மாறு சைன்(எக்ஸ்/2). மேல் எல்லையில் இதன் மதிப்பு π, கீழ் எல்லையில் √3/2 + π/3. கழித்தால் 2π/3 − √3/2. நான்கால் பெருக்கினால் 8π/3 − 2√3, அதாவது ஏறத்தாழ 4.91. (நேர்மாறு சைன் 1/2க்கு 30 என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரேடியனில் π/6!)

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. பொதுப் பகுதியைச் சுற்றி ஒரு செவ்வகம் வரையுங்கள்: அகலம் 2, உயரம் 2√3, பரப்பு சுமார் 6.93. நான் தேர்வில் எழுதிய 4π/3 + 2√3 என்ற விடையோ சுமார் 7.65. பெட்டிக்குள் இருப்பது பெட்டியை விடப் பெரியதாம்! இரு மையங்களையும் வெட்டுப்புள்ளிகளையும் இணைத்தால் உள்ளே ஒரு சாய்சதுரம் கிடைக்கும், பரப்பு 2√3, சுமார் 3.46. ஆக, விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வர முடியும். அரை நிமிட வேலை.

விடையில் கழிபடும் 2√3 அதே சாய்சதுரம்தான். ஒவ்வொரு மையத்திலிருந்தும் 120 பாகை வட்டக்கோணப்பகுதி ஒன்று, தலா 4π/3. இரண்டையும் கூட்டும்போது சாய்சதுரம் இருமுறை எண்ணப்படுகிறது, அதனால் ஒருமுறை கழிக்கிறோம். ஆனால் 'தொகையிட்டுக் காண்க' என்று கேட்டிருந்தால் இதையே விடையாக எழுதிவிடாதீர்கள். சரிபார்க்க மட்டும் ஓரத்தில் போட்டுப் பாருங்கள்.

ஆரங்கள் வேறாக இருந்தால் நான்கால் பெருக்கும் சுருக்குவழி செல்லாது. (2, 0)இல் மையம் கொண்ட வட்டத்தின் ஆரம் 1 என்றால் வெட்டுவது எக்ஸ் = 7/4இல். 1 முதல் 7/4 வரை சிறிய வட்டம், அங்கிருந்து 2 வரை பெரிய வட்டம் என இரண்டையும் தனித்தனியாகத் தொகையிட்டுக் கூட்டி, இரண்டால் மட்டும் பெருக்குங்கள்.