சாட்ஸ்வொர்த் போனேன், பர்ஸ் காலி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் விமான நிலையத்தில் இருந்து சாட்ஸ்வொர்த்துக்கு டாக்ஸிக்கு 900 ராண்ட்! நம்ம காசுக்கு நாலாயிரத்துக்கு மேல். ஆப்பில் அதில் பாதிதான் காட்டியது, ஆனால் புக் செய்யும் நேரம் பார்த்து வைஃபை காலை வாரிவிட்டது. ராத்திரியில் வேறு வண்டி வராது என்று சிரித்துக்கொண்டே சொன்னான் டிரைவர். போகிறவர்கள் முதல் வேலையாக அங்கேயே சிம் வாங்கிவிடுங்கள்.

நான் போனது ஊர் சுற்ற இல்லை. மாமா போன வருஷம் தவறிவிட்டார். "அப்பா பேர்ல பையன்களுக்கு ஃபுட்பால் மேட்ச் வைக்கிறோம், வாங்க அத்தான்" என்று மாமா மகள் கூப்பிட்டாள்.

மாமா திருநெல்வேலியில் நகைப் பட்டறையில் இருந்தவர். 1995இல் டர்பன் கிரே தெருவில் ஒரு நகைக்கடைக்கு வேலைக்குப் போனார். எங்கள் வீட்டில் அவரைப் பற்றி ஒரே பேச்சுதான்: இத்தனை வருஷம் வெளிநாட்டில் இருந்து என்ன சேர்த்தான்?

சாட்ஸ்வொர்த் மேடும் பள்ளமுமான ஊர். இன்னார் இங்கேதான் குடியிருக்கலாம் என்று வெள்ளை அரசு 1950இல் போட்ட சட்டத்தை வைத்து, 1960களில் டர்பனின் பல பகுதிகளில் இருந்த இந்தியர்களைப் பெயர்த்து வந்து இங்கே குடிவைத்தார்கள். மாமா அங்கே போன நேரம் நல்ல நேரம். 1996-97இல் அந்த நாட்டின் பெரிய ஃபுட்பால் போட்டியான பிரீமியர் சாக்கர் லீக் தொடங்கிய முதல் பருவத்திலேயே மேனிங் ரேஞ்சர்ஸ் கோப்பையைத் தூக்கியது. டர்பன் இந்தியர்கள் வளர்த்த அணி, ஆடியது சாட்ஸ்வொர்த் ஸ்டேடியத்தில். தெருப் பொடியன்கள் எல்லாம் பந்தும் கையுமாகத் திரிந்தார்கள். பாளையங்கோட்டையில் காலேஜ் வரை ஆடிய மனுஷன் சும்மா இருப்பாரா? சனிக்கிழமை காலையில் அவர்களைச் சேர்த்து ஓடவிட்டவர் கடைசிவரை நிறுத்தவில்லை. சம்பளமெல்லாம் கிடையாது, கைக்காசுதான் போனது.

அவருடைய பட்டறைப் பெட்டியை மாமா மகள் திறந்து காட்டினாள். கல் பிரித்து வைக்கும் சின்னச் சின்ன அறைகளில், பூட்ஸ் அடியில் திருகும் ஸ்டட்கள் அளவு வாரியாகக் கிடந்தன. தேய்ந்ததைக் குறடால் கழற்றிப் புதிது மாட்டுவாராம். வாய் பிளந்த பூட்ஸை ராத்திரி உட்கார்ந்து தைப்பாராம். அண்ணனுக்குப் பத்தாமல் போனது தம்பிக்கு, அப்புறம் பக்கத்து வீட்டுப் பையனுக்கு. புது ஜோடியின் விலையைக் கடையில் பார்த்தேன், தலை சுற்றியது.

மேட்ச் ஒன்றரை மணி நேரம் தாமதம். கோடு போட ஆள் வரவில்லை, ரெஃப்ரீயும் வரவில்லை. நம்ம ஊர் மாதிரியே. பக்கத்து உம்லாசியில் இருந்தும் ஒரு அணி வந்திருந்தது. சின்ன வயதில் மாமாவிடம் ஆடிய, ஜூலு என்ற ஆப்பிரிக்க இனத்து ஆள் ஒருவர்தான் அவர்களுக்குக் கோச். ஆட்டம் சூடுபிடித்ததும் கோட்டோரம் நின்று கத்தினார் பாருங்கள்: "ஏலே, ஓடுலே! ஓடுலே!" நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த பாட்டி திரும்பி முறைத்தார்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. பன்னி சௌ! ரொட்டியின் நடுவைக் குடைந்து, ஆட்டுக்கறிக் குழம்பை வழிய வழிய ஊற்றித் தருகிறார்கள். குடைந்தெடுத்த துண்டைக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டே உள்ளே இறங்க வேண்டும். உருளைக்கிழங்கு குழைந்து கிடக்கிறது, காரம் கண்ணில் நீர் வரவைக்கிறது, தொட்டுக்கொள்ளத் துருவிய கேரட், வெங்காயம், பச்சை மிளகாய். ஸ்பூன் கேட்டுவிடாதீர்கள், கேவலமாகப் பார்ப்பார்கள். மோசஸ் மபிடா ஸ்டேடியத்தின் வளைவுக்கு மேலே கேபிள் வண்டியில் போகலாம் என்றார்கள். அந்தக் காசுக்கு இன்னொரு பன்னி சௌ சாப்பிட்டேன், வருத்தமே இல்லை.

கோப்பையை உம்லாசிப் பையன்கள் கொண்டு போனார்கள். ராத்திரி அம்மாவுக்கு வீடியோ காலில் அந்தப் பெட்டியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி ஆயிற்றே, கொஞ்ச நேரம் அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு, "அதெல்லாம் சரிதாம்ல, ஒரு சென்ட் நிலமாவது வாங்கிப் போட்டிருக்கலாம்லா" என்றாள்.